லினக்ஸ் மேன் பக்கங்களில் சாக்கெட் ஆப்ஷன்கள்: சி புரோகிராம் கொண்டு உரசிப் பார்த்த ஒரு மதிப்புரை

சி மொழியில் நெட்வொர்க் புரோகிராம் எழுதுபவர்களுக்கு லினக்ஸ் மேன் பக்கங்களில் (கணினியோடு வரும் கையேட்டுப் பக்கங்கள்) நான்கு அன்றாடம் தேவைப்படுகின்றன: இரண்டாம் பிரிவில் உள்ள செட்சாக்ஆப்ட் பக்கம், ஏழாம் பிரிவில் உள்ள சாக்கெட், ஐபி, டிசிபி பக்கங்கள். சாக்கெட் என்பது நெட்வொர்க் இணைப்பின் ஒரு முனை; அதன் நடத்தையை மாற்றும் அமைப்புகளே ஆப்ஷன்கள். இவை இலவசமாகக் கிடைக்கின்றன, பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் ஏற்கெனவே இருக்கின்றன, இணைய இணைப்பு இல்லாதபோதும் திறக்கின்றன. இவற்றை ஒரு கருவியை மதிப்பிடுவதுபோல மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அளவுகோல் எளிமையானது. ஒவ்வோர் ஆப்ஷனுக்கும் ஒரு சிறு சி புரோகிராம் எழுதி, ஒரு மதிப்பைக் கொடுத்து, அதே மதிப்பைத் திரும்பக் கேட்டு, பிறகு அந்த ஆப்ஷன் உண்மையில் ஏதாவது செய்கிறதா என்று பார்த்து, கிடைத்ததைப் பக்கத்தில் எழுதியிருப்பதோடு ஒப்பிட வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓர் ஆப்ஷன் எதற்காக இருக்கிறது, எந்தக் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிப்பில் வந்தது, எந்த அமைப்பில் வேறாக நடக்கும் என்பவற்றில் இந்தப் பக்கங்களை நம்பலாம். கொடுத்த மதிப்பைக் கர்னல் எப்படி மாற்றி வைத்துக்கொள்கிறது, திரும்பக் கேட்டால் எதைச் சொல்கிறது என்பதில்தான் இவை அடிக்கடி மௌனமாகிவிடுகின்றன. சில இடங்களில் பழைய எண்களையே சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஆப்ஷனை வைக்கும் செட்சாக்ஆப்ட், அதைப் படிக்கும் கெட்சாக்ஆப்ட் என்னும் இவ்விரு அழைப்புகளும் 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தோடு வந்தவை. அவற்றின் வடிவம் அன்றுபோலவே இருக்கிறது. அதற்குள் நுழைக்கப்பட்ட ஆப்ஷன்கள் பல்கிப் பெருகி, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கின்றன.

பெறும் பஃபரின் (வரும் தரவு தங்கும் நினைவிடம்) அளவை வைக்கும் எஸ்ஓ_ஆர்சிவிபஃப் ஆப்ஷனிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் பக்கத்தின் பலமும் பலவீனமும் ஒருங்கே தெரிவது இதில்தான். கொடுத்த அளவைக் கர்னல் இரட்டிப்பாக்கிக்கொள்கிறது, உள் கணக்கு வழக்குக்கான இடத்துக்காகவே அப்படிச் செய்கிறது, திரும்பக் கேட்டால் இரட்டித்த அளவையே தருகிறது என்று சாக்கெட் பக்கம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. 65536 கொடுத்துப் பார்த்தால் 131072 வருகிறது; எழுதியது சரி. ஆனால் இதன் பின்விளைவைப் பக்கம் சொல்வதில்லை. பஃபர் அளவைப் படித்து வைத்துக்கொண்டு, சற்று நேரம் வேறோர் அளவில் இயங்கிவிட்டு, பிறகு பழைய அளவையே திரும்ப வைக்கும் ஒரு ஃபங்ஷனை நினைத்துப் பாருங்கள். படித்தது 131072, அதையே திரும்ப வைத்தால் 262144 ஆகிவிடும். அடுத்த சுற்றில் மேலும் ஏறும், உச்ச வரம்பைத் தொட்டுத்தான் நிற்கும். எல்லா அழைப்புகளும் வெற்றி என்றே திருப்புவதால், பிழை எதுவும் பதிவாகாமல் நினைவக உபயோகம் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

உச்ச வரம்பும் அவ்வாறே சத்தமில்லாமல் செயல்படுகிறது. நெடுங்காலம் வழக்கத்திலிருந்த ஆர்மெம்_மேக்ஸ் (பெறும் பஃபருக்குக் கேட்கக்கூடிய உச்ச அளவு) மதிப்பு 212992. அந்த நிலையில் உள்ள கணினியில் பத்து லட்சம் பைட் கேட்டால் அழைப்பு தோற்காது; வரம்பளவுக்கு வெட்டி, அதை இரட்டித்து, 425984 என்று கர்னல் வைத்துக்கொள்ளும். கேட்டது கிடைக்கவில்லை என்பதை அறிய ஒரே வழி திரும்பப் படிப்பதுதான். வரம்பை மீறியே தீர வேண்டும் என்றால், நிர்வாக அதிகாரம் பெற்ற புரோகிராமுக்குக் கர்னல் 2.6.14 முதல் வேறோர் ஆப்ஷன் உண்டு என்பதைப் பக்கம் ஒழுங்காகக் குறிப்பிடுகிறது.

கீழ் வரம்பில்தான் பக்கம் சறுக்குகிறது. இரட்டித்த பிறகு பெறும் பஃபரின் குறைந்தபட்சம் 256, அனுப்பும் பஃபரின் குறைந்தபட்சம் 2048 என்று நான் பார்த்த பதிப்புகளில் எழுதியிருக்கிறது. வழக்கமான 64 பிட் கணினியில் இரண்டுக்கும் 1 என்று கொடுத்துத் திரும்பக் கேட்டால், கிடைப்பவை 2304, 4608. கர்னல் மூலநிரலைப் பார்த்தால் காரணம் விளங்கும்: குறைந்தபட்ச எல்லை என்பது இப்போது ஒரு தனி எண்ணாக இல்லை, 2048 பைட்டோடு, ஒரு பேக்கெட்டைச் சுமக்கும் உள் அமைப்பின் சீரமைக்கப்பட்ட அளவான 256 பைட்டையும் கூட்டி வருவது அது. அனுப்பும் பக்கத்துக்கு அதன் இரு மடங்கு. சிறிய பஃபரை வைத்து நெரிசல் நிலையைச் சோதிக்க விரும்புபவர் பக்கத்தின் 256ஐ நம்பிக் கணக்குப் போட்டால், அவருடைய சோதனை அவர் நினைத்த இடத்தில் அடைபடாது. ஆவணம் எழுதுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: அந்த எண் கர்னல் பதிப்பையும் கணினியின் கட்டமைப்பையும் பொறுத்தது என்பதால், இரண்டையும் பக்கத்தில் குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதுவது சில ஆண்டுகளில் பொய்யாகிவிடும்.

டிசிபி சாக்கெட்டாக இருந்தால் இன்னொரு செய்தியும் சேர்ந்துகொள்கிறது. கையால் பெறும் பஃபர் அளவை வைத்தவுடன், அந்தச் சாக்கெட்டுக்குக் கர்னல் தானாக அளவைக் கூட்டிக்குறைக்கும் வேலை நின்றுவிடுகிறது. வேகம் கூடும் என்று எண்ணி இந்த ஆப்ஷனை வைத்தவர்கள் வேகத்தை இழப்பது பெரும்பாலும் இதனால்தான். கனெக்ட் (இணைப்பைத் தொடங்குவது) அல்லது லிசன் (இணைப்புகளுக்குக் காத்திருப்பது) அழைப்புக்கு முன்பே வைத்தால்தான் அளவு முழுமையாகப் பயன்படும் என்று டிசிபி பக்கம் சொல்வது சரியான அறிவுரை. அதைச் செட்சாக்ஆப்ட் பக்கத்தில் தேடுபவர்களுக்குக் கிடைக்காது என்பதுதான் குறை.

என் பார்வையில் இந்தப் பக்கங்களின் மிகப் பெரிய விடுபடல் டிசிபி_டிஃபர்_அக்செப்ட் ஆப்ஷனில் இருக்கிறது. தரவு வந்த பிறகே, வந்த இணைப்பை ஏற்கும் அக்செப்ட் அழைப்பை எழுப்ப வேண்டும் என்று லிசன் செய்யும் சாக்கெட்டுக்குச் சொல்வது இதன் வேலை. மதிப்பு நொடிகளில் என்று டிசிபி பக்கம் சொல்கிறது. 5 கொடுத்துத் திரும்பக் கேட்டால் இன்றைய கர்னல்களில் 7 வருகிறது. 8 கொடுத்தால் 15. 10 கொடுத்தாலும் 15. 30 கொடுத்தால் 31. முதல் முறை பார்ப்பவர் புரோகிராமில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணுவார். கோளாறு எதுவும் இல்லை. கர்னல் நொடிகளை அப்படியே சேமிப்பதில்லை. கொடுத்த நொடிகளை ஈடுகட்ட எத்தனை முறை பேக்கெட்டை மறுபடி அனுப்ப வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்கிறது. முதல் காத்திருப்பு 1 நொடி, அடுத்தது 2, அடுத்தது 4 என்று இரட்டித்துச் செல்வதால் கூட்டுத்தொகைகள் 1, 3, 7, 15, 31 என்று அமைகின்றன. கேட்ட எண் இவற்றில் எதற்கு அடுத்துக் கீழே இருக்கிறதோ, அந்தப் படிக்கு ஏற்றிவிடப்படுகிறது. இந்த ஒரு வாக்கியம் பக்கத்தில் இருந்திருந்தால் போதும். அதற்குப் பதிலாக, முயற்சிகளின் எண்ணிக்கையை இது கட்டுப்படுத்தக்கூடும் என்ற மங்கலான குறிப்பு மட்டுமே இருக்கிறது.

கால அளவைச் சொல்லும் ஆப்ஷன்களில் அலகுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் கிடக்கின்றன. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என விசாரிக்கும் கீப்அலைவ் குடும்பத்துக்கு நொடி, அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வராமல் எவ்வளவு காத்திருக்கலாம் என்னும் டிசிபி_யூசர்_டைம்அவுட்டுக்கு மில்லிநொடி, தரவு பெறக் காத்திருக்கும் வரம்பான எஸ்ஓ_ஆர்சிவிடைமியோவுக்கு நொடியும் மைக்ரோநொடியும் கொண்ட டைம்வால் அமைப்பு. விண்டோஸில் அதே பெயருள்ள ஆப்ஷன் மில்லிநொடியை ஒற்றை எண்ணாக எதிர்பார்க்கிறது. இதற்கு மேன் பக்கங்கள் பொறுப்பல்ல, அலகை ஒவ்வொன்றிலும் தெளிவாகவே எழுதியிருக்கின்றன. ஆனால் எஸ்ஓ_ஆர்சிவிடைமியோவில் 1 மைக்ரோநொடி வைத்துத் திரும்பக் கேட்டால், நொடிக்கு 250 கடிகாரத் துடிப்பு என அமைக்கப்பட்ட கர்னலில் 4000 மைக்ரோநொடி வரும், 1000 துடிப்பு உள்ளதில் 1000 வரும் என்பதைப் பக்கம் சொல்வதில்லை. மதிப்பு எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்கப்படுகிறது. அதே பத்தியில், இந்த டைம்அவுட், பல சாக்கெட்டுகளை ஒருங்கே கவனிக்கும் செலக்ட், போல் அழைப்புகளைக் கட்டுப்படுத்தாது என்று தெளிவாக எழுதியிருப்பது பலருடைய நேரத்தைக் காப்பாற்றும்.

ஆம், இல்லை என்ற இரண்டே நிலை கொண்ட ஆப்ஷன்களில் சோதனை எளிது என்று தோன்றும். லினக்ஸில், ஏற்கெனவே பயன்பட்ட முகவரியை மறுபடி பிடிக்க விடும் எஸ்ஓ_ரீயூஸ்ஆடர் ஆப்ஷனுக்கு 7 கொடுத்தாலும் திரும்ப வருவது 1தான். இதைப் பார்த்துவிட்டு, விடை 1 ஆக இருக்க வேண்டும் என்று அசர்ட் எழுதியவரின் சோதனை மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகியவற்றில் உடையும். அங்கே கொடிப் பிட்டின் மதிப்பே வருகிறது, ரீயூஸ்ஆடருக்கு 4, கீப்அலைவுக்கு 8. சுழி அல்லாத எண் என்று மட்டும் எதிர்பார்க்கும் சோதனையே எங்கும் நிற்கும். பஃபர் இரட்டிப்பும் ஃப்ரீபிஎஸ்டியில் கிடையாது என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடலாம்.

இதைவிட ஆபத்தானது நீளத்தைச் சொல்லும் ஐந்தாம் ஆர்க்யுமென்ட். கெட்சாக்ஆப்டுக்கு அது உள்ளே போகும்போது இடத்தின் அளவாகவும், வெளியே வரும்போது எழுதப்பட்ட பைட்டுகளின் எண்ணிக்கையாகவும் இருக்கிறது. அதில் 4க்குப் பதிலாக 1 இருந்துவிட்டால், சாக்கெட் மட்டத்து ஆப்ஷன்களில் லினக்ஸ் பிழை சொல்வதில்லை. ஒரு பைட்டை மட்டும் எழுதிவிட்டு வெற்றி என்று திருப்பிவிடுகிறது. பெறும் பஃபர் 131072 என்று இருக்கும் சாக்கெட்டில் இதைச் செய்து பார்த்தால், அதன் கடைசி பைட் சுழி என்பதால், சுழியாக்கி வைத்த மாறியில் சுழியே இருக்கும். பஃபரே இல்லை என்பதுபோல ஒரு விடை. செட்சாக்ஆப்டில் அதே தவறைச் செய்தால் ஈஇன்வால் (தவறான ஆர்க்யுமென்ட்) பிழை உடனே வருகிறது. கொடுக்கும்போது கண்டிப்பு, கேட்கும்போது தாராளம். இரண்டும் ஒரே பக்கத்தில் விளக்கப்படுவதால், இந்த வேறுபாட்டைப் பக்கம் ஒரு வரியிலாவது எச்சரித்திருக்க வேண்டும். திரும்பி வந்த நீளத்தைச் சரிபார்க்காத சோதனைப் புரோகிராம் பாதிச் சோதனைதான்.

குறை சொல்லும் வரிசையில் நிறைவை மறந்துவிடக் கூடாது. எஸ்ஓ_ரீயூஸ்ஆடர் பற்றிய பகுதி இந்தப் பக்கங்களிலேயே சிறந்தவற்றுள் ஒன்று. ஐபிவி4 சாக்கெட்டில் இந்த ஆப்ஷன் இருந்தால், அந்த முகவரியில் உயிரோடு லிசன் செய்யும் சாக்கெட் இல்லாதவரை பைண்ட் செய்யலாம் (அம்முகவரியைப் பிடிக்கலாம்). எல்லா முகவரிகளுக்கும் பொதுவாக ஒரு போர்ட்டில் லிசன் செய்யும் சாக்கெட் இருந்தால், அதே போர்ட்டில் எந்தத் தனி முகவரிக்கும் பைண்ட் செய்ய முடியாது. பிஎஸ்டி வழக்கத்தில் பழகியவர்கள் இடறும் இடமே இது. அதற்கும் மேலே போய், முன்பு அந்தப் போர்ட்டைப் பிடித்திருந்த புரோகிராமும் இந்த ஆப்ஷனை வைத்திருந்தால்தான் லினக்ஸ் மறுபயன்பாட்டுக்கு இடம் தரும் என்றும், ஃப்ரீபிஎஸ்டி போன்றவற்றில் பின்னால் வருபவர் வைத்தால் போதும் என்றும் சொல்கிறது. இணைப்பை முதலில் மூடிய சர்வர் லினக்ஸில் 60 நொடி டைம்-வெயிட் (பழைய பேக்கெட்டுகள் ஓயக் காத்திருக்கும்) நிலையில் கிடக்கும். இரு புரோகிராம்கள், ஆப்ஷன் உண்டு, இல்லை என நான்கு சேர்க்கைகளை அந்த 60 நொடிக்குள் ஓட்டிப் பார்க்கும் ஒரு சோதனை எழுதுவதற்கு இந்தப் பத்தியே போதிய வரையறை. கர்னல் 3.9இல் வந்த, ஒரே போர்ட்டைப் பல சாக்கெட்டுகள் பகிர விடும் எஸ்ஓ_ரீயூஸ்போர்ட் பற்றியும் இதே தரத்தில், ஒரே பயனர் அடையாளம் வேண்டும் என்ற நிபந்தனை உட்பட, எழுதியிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னவை கொடுத்துக் கேட்கும் சோதனைகள். அவை மட்டும் போதாது என்பதற்குக் கீப்அலைவ் நல்ல சான்று. எத்தனை நொடி அமைதிக்குப் பிறகு விசாரிக்க வேண்டும் என்று சொல்லும் டிசிபி_கீப்ஐடில் ஆப்ஷனுக்கு 10 கொடுத்தால் வெற்றி. திரும்பக் கேட்டால் 10. எஸ்ஓ_கீப்அலைவை இயக்காமல் விட்டிருந்தால், எதிர்முனை செத்துப்போனாலும் ஒரு பேக்கெட்கூடப் போகாது. இயக்கிவிட்டு மற்றவற்றைத் தொடாமல் விட்டால், 7200 நொடி அமைதிக்குப் பிறகு, 75 நொடி இடைவெளியில் 9 விசாரணைகள். அதாவது இணைப்பு போனதை உணர இரண்டு மணி நேரத்துக்கும் மேல். டிசிபி_யூசர்_டைம்அவுட்டும் சேர்ந்து இருந்தால், இணைப்பை எப்போது கைவிடுவது என்பதை அதுவே தீர்மானிக்கும். இந்த மூன்றின் உறவை டிசிபி பக்கம் பல பத்திகளில் சிதறவிட்டிருக்கிறது. சேர்த்துப் படிப்பவருக்குத்தான் படம் முழுமையாகும்.

மூடும்போது மிச்சத் தரவுக்காகக் காத்திருப்பதைத் தீர்மானிக்கும் எஸ்ஓ_லிங்கரில் விடுபடல் இன்னும் வெளிப்படை. இயக்கி, காலத்தைச் சுழியாக வைத்துக் குளோஸ் செய்தால் இணைப்பு முறையாக முடியாமல் ரீசெட் பேக்கெட்டோடு அறுபடுகிறது, எதிர்முனையின் ரீட் அழைப்பு ஈகான்ரீசெட் பிழையோடு திரும்புகிறது. பலர் இந்த ஆப்ஷனைத் தேடி வருவதே இதற்காகத்தான். நான் பார்த்த பதிப்புகளில் சாக்கெட் பக்கம் இதைப் பற்றிப் பேசவில்லை. காத்திருக்கும் வகையை மட்டும் விளக்கிவிட்டு, புரோகிராம் எக்ஸிட் ஆகும்போது பின்னணியில்தான் மூடல் நடக்கும் என்று முடித்துக்கொள்கிறது. பெற்றதற்கான ஒப்புகையை உடனே அனுப்பச் சொல்லும் டிசிபி_குவிக்ஆக் பகுதி இதற்கு நேர்மாறு: இந்தக் கொடி நிரந்தரமானதல்ல, பின்வரும் போக்குவரத்தைப் பொறுத்துக் கர்னல் தானே மாற்றிக்கொள்ளும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதால், வைத்த மதிப்பு சற்று நேரத்தில் வேறாக வந்தாலும் யாரும் திகைக்க வேண்டியதில்லை.

படித்ததும் என்னை உடனே சரிபார்க்கத் தூண்டிய இன்னொரு சிறு குறிப்பு எஸ்ஓ_எரர் பற்றியது. நிலுவையிலுள்ள பிழையைப் படித்தவுடன் அது அழிந்துவிடும் என்று பக்கம் சொல்கிறது. மூடிய போர்ட்டுக்குக் காத்திராமல் கனெக்ட் செய்துவிட்டு, போல் எழுப்பிய பிறகு படித்தால் இணைப்பு மறுக்கப்பட்டது என்ற எண் வரும். மறுநொடி படித்தால் சுழி. லாகில் எழுதுவதற்காக ஒருமுறையும் முடிவெடுப்பதற்காக ஒருமுறையும் படிக்கும் புரோகிராம் இதில் தோற்கும். சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

செயலளவில் சோதிக்கத் துணைக் கருவிகள் தேவை. கர்னல் அழைப்புகளைப் பதிவுசெய்யும் எஸ்ட்ரேஸ் கொண்டு புரோகிராம் உண்மையில் எந்த மதிப்பைக் கொடுத்தது என்பதைப் பார்க்கலாம். லைப்ரரிகள் நமக்குத் தெரியாமல் வைக்கும் ஆப்ஷன்களும் அதில் வெளிப்பட்டுவிடும். சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையில் நினைவகத் தேர்வைச் சேர்த்தால் கர்னலின் பக்கத்திலிருந்து அதே பஃபர் அளவு தெரியும். லூப்பேக் (கணினி தன்னோடு தானே பேசும்) முகவரியில் மட்டும் ஓட்டும் சோதனைகளை நான் நம்புவதில்லை: அங்கே தாமதமும் இழப்பும் இல்லை என்பதால் டைம்அவுட் சார்ந்த எதுவும் தன் குணத்தைக் காட்டாது. தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே கணினிக்குள் பிரித்து வைத்த நெட்வொர்க்) இரண்டை உருவாக்கி, நடுவில் தாமதத்தையும் இழப்பையும் செயற்கையாக ஏற்றினால்தான் விளங்கும். இன்னும் நுணுக்கமாக வேண்டுவோருக்குக் கூகுளிலிருந்து 2013இல் வெளிவந்த பேக்கெட்ட்ரில் என்னும் சோதனைக் கருவி இருக்கிறது. எந்த நேரத்தில் எந்த அழைப்பு, எந்த நேரத்தில் எந்தப் பேக்கெட் என்று ஒரே ஸ்கிரிப்டில் வரிசையாக எழுதலாம். வர வேண்டிய பேக்கெட் வராவிட்டால் அந்த வரியிலேயே சோதனை நின்றுவிடும். லிங்கர் சுழிக்கு ரீசெட் வருகிறதா என்பதை அதில் ஒரே வரியில் எழுதிவிடலாம். 2024இல் லினக்ஸ் கர்னலின் சொந்தச் சோதனைத் தொகுப்புக்குள்ளேயே இந்த ஸ்கிரிப்டுகள் இடம்பெறத் தொடங்கியது நல்ல திருப்பம்.

அந்த ஸ்கிரிப்டுகளோடு வைத்துப் பார்க்கும்போது மேன் பக்கங்களின் அமைப்பில் உள்ள குறை துலங்குகிறது. ஓர் ஆப்ஷனுக்குச் சொல்ல வேண்டியவை இவைதாம்: வைக்கும் வகை, படிக்கும் வகை, அலகு, தொடக்க மதிப்பு, கர்னல் செய்யும் மாற்றம், எந்த நிலையில் வைத்தால் செல்லும், அக்செப்ட் வழியாகப் பிறக்கும் சாக்கெட்டுக்கு அது தொடருமா. இவற்றை ஒவ்வோர் ஆப்ஷனுக்கும் ஒரே ஒழுங்கில் தரும் அட்டவணை இந்த நான்கு பக்கங்களில் எதிலும் இல்லை. ஒன்றில் அலகு உண்டு, தொடக்க மதிப்பு இல்லை. இன்னொன்றில் வரலாறு உண்டு, படிக்கும் வகை இல்லை. ஒரு பேக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவைச் சொல்லும் டிசிபி_மேக்ஸ்செக் ஆப்ஷனை இணைப்புக்கு முன் 1200 என்று வைத்துவிட்டுப் படித்தால் பல ஆண்டுகளாகக் கர்னல் 536 என்றே சொல்லிவந்தது; 2023இல்தான் வைத்த மதிப்பைத் திருப்பும்படி திருத்தினார்கள். இணைப்புக்குப் பின் ஈதர்நெட்டில் நேரமுத்திரையோடு 1448 வருவதும் இயல்பே. படிக்கும்போது என்ன வர வேண்டும் என்று ஆவணத்தில் ஒரு வரி இருந்திருந்தால், அந்த 536 பிழை என்று முன்பே யாராவது சொல்லியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

யாருக்கு இந்தப் பக்கங்களைப் பரிந்துரைப்பேன் என்றால், சாக்கெட் எழுதும் எல்லோருக்கும்தான். இணையத்தில் கிடைக்கும் துண்டு விடைகளைவிட இவை பன்மடங்கு பொறுப்பானவை. பல கணினிகளில் ஓட வேண்டிய லைப்ரரி எழுதுபவர்கள் மட்டும், தாம் தொடும் ஆப்ஷன்களுக்கான சோதனைப் புரோகிராமைத் தம் மூலநிரலோடு சேர்த்தே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முடிவின் அருகிலும் கர்னல் பதிப்பு, கட்டமைப்பு, ஆர்மெம்_மேக்ஸ் ஆகியவற்றை அச்சிட வேண்டும். மேன் பக்கங்களின் மூலம் கிட் களஞ்சியத்தில் திறந்தே இருக்கிறது, திருத்தங்கள் மின்னஞ்சல் வழியாக ஏற்கப்படுகின்றன. குறைந்தபட்ச பஃபர் அளவும், டிஃபர்_அக்செப்டின் படிகளும், லிங்கர் சுழியும் ஆளுக்கு இரண்டு வரி கொண்ட திருத்தங்கள்தான். ஓடக்கூடிய ஒரு சிறு சி புரோகிராமை ஆதாரமாக இணைத்து அனுப்பினால் பராமரிப்பவர்களுக்குச் சரிபார்க்கும் வேலையும் எளிதாகும்.